படுக்க வைத்தே பலவீனமாக்கினோம்



போன வாரம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் பற்றி எழுதியதற்குக் கீழே, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், உங்க அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இதய நோயும் உடல் நலிவும் பற்றி ஒரு வருடமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, கரும்பலகை முன் நின்று காலம் கழித்தவன். எனக்குப் பிடித்த பாடம் வரலாறு. ஆகவே இதையும் வரலாறாகவே சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் அண்ணன் கதை. கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர். அறுபத்தெட்டு வயது வரை வரப்பில் செருப்பில்லாமல் நடந்தவர். ஒருநாள் இரவு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு "பம்பிங் 25 தான் இருக்கு" என்றார்கள். ஊசி போட்டு நீரை எடுத்து, பத்து நாளில் அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது "நல்லா ரெஸ்ட் எடுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். எத்தனை நாள், எப்போது எழுந்து நடக்கலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாத்தியார் நான் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் ஆளாளுக்கு ரெஸ்ட் கொடுத்தோம். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. குளியலுக்கு இரண்டு பேர் பிடித்தோம். கொல்லைக்குப் போகக்கூட எழவிடவில்லை. மூன்று மாதம் கழித்து வாசல் படியில் இறங்கப் போனவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். "ஏன்டா தம்பி, என்னைய இப்பிடியே படுக்கப் போட்டுருவீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை தவறவில்லை. வாராவாரம் எடை போட்டு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதம் 61 கிலோ, அப்போதும் 61 கிலோ. "எடை குறையலையே, அப்புறம் எப்படி பலவீனம்?" என்று மதினியிடம் வாதம் வேறு செய்தேன்.

அந்தக் கணக்கில் இருந்த தப்பைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வாசிப்பு முழுவதும்.

நம் ஊரில் பழைய ஆட்கள் இதை நீர்க்கோவை, வீக்கம், இளைப்பு என்று பல பெயரில் சொல்வார்கள். இப்போது "இதயச் செயலிழப்பு" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. கேட்டதும் இதயம் நின்றுபோனதாக நினைத்துக் குடும்பமே அழுதுவிடுகிறது. இதயம் நிற்கவில்லை, உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. அவ்வளவுதான். இந்த நோயில் உடம்பின் ஒரு பக்கம் ஊதும், ஒரு பக்கம் கரையும். காலும் வயிறும் பெருத்து, தோளும் நெஞ்சும் தொடையும் வற்றிப்போகும் இந்தத் தோற்றத்தைக் கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸ் பெயரில் உள்ள பழைய நூல்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சதை நீராக மாறுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். சதை நீராக மாறுவதில்லை. ஆனால் கண்ணால் பார்த்தது சரிதான், இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கிறது.

பிறகு வந்த மருத்துவம் நீரை மட்டும்தான் பார்த்தது. சதையை மறந்துவிட்டது. 1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டருக்கு, ஷ்ராப்ஷையர் பக்கத்துக் கிழவி ஒருத்தி ரகசியமாக வைத்திருந்த கைமருந்து பற்றித் தகவல் கிடைத்தது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கஷாயம் அது. அதில் வேலை செய்வது ஒரே ஒரு செடிதான் என்று கண்டுபிடித்தார். டிஜிடாலிஸ் என்னும் அந்தச் செடி பற்றி பத்து வருடம் குறிப்பெடுத்து 1785-ல் புத்தகம் போட்டார். தேறியவர்களை மட்டுமல்ல, தேறாதவர்களையும் எழுதினார் என்பதுதான் அவர்மேல் எனக்கு மரியாதை. இன்று டிகாக்சின் மாத்திரையாக வருவது அந்தக் குடும்பத்து மருந்துதான். நம் வேலியோரத்து அரளியில் இருக்கும் நஞ்சும் அதே இனத்தைச் சேர்ந்தது. யாராவது "நாட்டு மருந்து" என்று அரளியைத் தொட்டால் ஆளே போய்விடுவார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவு மட்டும்தான் வித்தியாசம், அந்த அளவும் மயிரிழை.

1877-ல் ரெஜினால்ட் சதே என்பவர் வீங்கிய காலில் சிறு குழாய் செருகி நீரை வடிய விட்டார். முதல் உலகப் போர் முடிந்த சமயம் வியன்னாவில், வேறு நோய்க்குக் கொடுத்த பாதரச ஊசியால் சிறுநீர் அதிகமாகப் போவதைப் பார்த்து, அதை இதய நோயாளிகளுக்குப் போட்டார்கள். 1960-களில் லாசிக்ஸ் வந்தது. இன்று பேரையூர் மருந்துக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கேட்கும் மாத்திரை. நீரை எடுக்க வழி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு மருந்தும் எழுதப்பட்டது. விலையில்லாதது, எல்லா நாட்டிலும் கிடைப்பது. படுக்கை.

இதற்கு ஒரு நியாயமும் இருந்தது. சோர்ந்த மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுவது போல, சோர்ந்த இதயத்துக்கு ஓய்வு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜார்ஜ் பர்ச் என்ற பெரிய மருத்துவர் 1960-களில்கூட, பெருத்துப்போன இதயம் உள்ளவர்களை மாதக்கணக்கில், சிலரை ஒரு வருடம் வரை, படுக்கையில் வைத்துச் சிகிச்சை செய்தார். சிலருக்கு இதயத்தின் அளவு சுருங்கவும் செய்தது. ஆக, எங்கள் வீட்டில் நடந்தது முட்டாள்தனம் மட்டுமில்லை. பெரிய மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் நடந்ததுதான், அறுபது வருடம் பிந்தி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு வந்திருக்கிறது.

1944 மார்ச் 27. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை ஹோவர்ட் புரூயன் என்ற இளம் கடற்படை மருத்துவர் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் 186-க்கு 108. இதயம் பெருத்து, நுரையீரலில் நீர். டிஜிடாலிஸ் கொடுத்தார், உப்பைக் குறைத்தார், சிகரெட்டைக் குறைத்தார், ஓய்வு சொன்னார். மூச்சுத் திணறல் தணிந்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர் பசியிழந்து, எடை குறைந்து, முகம் ஒட்டி, சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது. 1945 பிப்ரவரி யால்டா மாநாட்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள். சர்ச்சிலுக்கும் ஸ்டாலினுக்கும் நடுவில் போர்வை போல ஒரு மேலங்கியைப் போர்த்தி உட்கார்ந்திருப்பவருக்கு வயது 63. என்பது வயது என்றாலும் நம்புவோம். ஏப்ரல் 12-ல் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். உலகத்தின் மிகப் பலமான நாட்டின் தலைவருக்கே அன்று இரத்தக் கொதிப்புக்குச் சரியான மாத்திரை கிடையாது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கடைசிக் காலத்தை நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். அவருக்கும் இரத்தக் கொதிப்பு. ஓடியாடி உலகம் சுற்றிய மனிதர் அங்கே ஒரு சின்னக் குடிலில் தங்கி, தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது. 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே காலமானார். வயது 68. அவருடைய காலத்தில்தான் இரத்தக் கொதிப்பு மருந்துகளே பிறந்துகொண்டிருந்தன. பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற மருத்துவர் நம் நாட்டு சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பத்து வயதில் அந்தக் குடிலைப் பார்க்க எங்கள் வாத்தியார் அழைத்துப் போனது நினைவிருக்கிறது. அன்று எங்களுக்கு மாமரத்து மேல்தான் கண்.

ரூஸ்வெல்ட்டுக்கு நோய் கண்ட அதே 1944-ல் பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவின் என்ற இதய மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். இதய நோயாளியைப் படுக்கவே வைத்திருப்பதால் தீங்கு உண்டு என்பது அதன் சாரம். படுத்தால் காலில் உள்ள நீர் நெஞ்சுக்கு ஏறுகிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது. அவரும் பெர்னார்ட் லவுன் என்ற இளைஞரும் சேர்ந்து, மாரடைப்பு வந்த 81 பேரைக் கட்டிலில் இருந்து சாய்வு நாற்காலிக்கு மாற்றினார்கள். 1952-ல் அதை வெளியிட்டார்கள். மாரடைப்புக்காரரை அசைத்தாலே செத்துவிடுவார் என்று நம்பிய காலம் அது. நாற்காலிக்கு மாறியதால் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை, மனம் தெளிந்தார்கள். (இந்த லவுன் பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டியவர். அந்த அமைப்புக்குத்தான் 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு.)

லண்டனில் அதற்கும் முன்பே ஒரு பெண் மருத்துவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். மார்ஜரி வாரன். 1935-ல் ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 700 பேருக்கு மேல் அவர் பொறுப்பில் வந்தார்கள். வருடக்கணக்கில் படுத்தே கிடந்தவர்கள். ஒவ்வொருவரையும் பரிசோதித்து, யாரை எழுப்பலாம் என்று பிரித்து, நடக்க வைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்து வளர்ந்தது. அது நம்மூருக்கு வந்தது 1978-ல். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். "வயசானா அப்படித்தான்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், வயதையும் நோயையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னவர் அவர்.

இனி என் எடைக் கணக்குக்கு வருகிறேன்.

1997-ல் லண்டனில் ஸ்டெஃபான் ஆங்க்கர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதய நோயாளிகள் 171 பேரைக் கவனித்தார்கள். வீக்கத்தை விட்டுவிட்டு, உடம்பு இளைத்தவர் யார் என்று பிரித்தார்கள். இளைத்தவர்களில் பாதிப் பேர் 18 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். இதயம் எவ்வளவு பம்ப் செய்கிறது என்ற அளவை ஒதுக்கி வைத்தாலும், உடம்பு இளைப்பது தனி ஆபத்தாக நின்றது. காரணங்கள் பல. குடலிலும் நீர் கோத்துக்கொள்வதால் பசி எடுக்காது, தின்றதும் ஒட்டாது. தசைக்கு இரத்தம் குறைவு. உடம்பு முழுவதும் ஒரு மெல்லிய அழற்சி, நெருப்பில்லாத புகைச்சல் மாதிரி, தசையைத் தின்றுகொண்டே இருக்கும். இதோடு படுக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் நோயே இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் இரண்டு காலிலும் சேர்த்து ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது.

எங்கள் அண்ணனுக்குத் தசை போன இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் திரும்ப வந்திருக்கிறது. அதனால்தான் தராசு 61-லேயே நின்றது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு வாத்தியார் ஒருவர் விடையை மட்டும் பார்த்து மார்க் போட்டது போல.

இந்த நலிவை அளக்க முடியும் என்று காட்டியவர் லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். 2001-ல், 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரின் விவரங்களை வைத்து எழுதினார். தன்னால் எடை குறைவது, எதைச் செய்யவும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, அன்றாட வேலை குறைவது, இந்த ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். ஸ்கேன் வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் "கையைப் பிடிச்சா முன்ன மாதிரி அழுத்தமில்ல" என்று சொல்வதே பாதிப் பரிசோதனை. மதினி அதை எனக்கு முதல் மாதமே சொல்லியிருக்கிறார். நான்தான் நோட்டைக் காட்டி வாயை அடைத்தேன்.

ஃப்ரீட் பார்த்த பொது முதியவர்களில் நலிவுற்றோர் நூற்றுக்கு 7 பேர். இதய நோயாளிகள் பற்றி வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் கணக்குப் போட்டபோது அது நூற்றுக்கு 45-ஐ நெருங்கியது. இன்னொரு விஷயம், அது வயதைப் பொறுத்து மட்டும் வருவதில்லை. அறுபதிலேயே வரும். நமக்கு இது முக்கியம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2013-ல் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். சராசரி வயது 61 தான். மேல்நாட்டுப் பதிவேடுகளில் அது எழுபதைத் தாண்டும். ஐந்து வருடத்தில் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு இல்லை. நம் ஆட்களுக்குப் பத்து வருடம் முன்னாடியே வருகிறது, அதுவும் வீட்டில் சம்பாதிக்கிற ஆளுக்கு.

2019-ல் ஐரோப்பிய இதய மருத்துவர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். நலிவு என்பது உடம்பு மட்டுமல்ல. மற்ற நோய்கள், மனமும் ஞாபகமும், நடமாட்டம், வீட்டில் துணை இருக்கிறதா என்பது, நாலையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். வாசித்தபோது எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். பிள்ளைகள் திருப்பூரில். மாத்திரை டப்பாவில் எது காலை, எது ராத்திரி என்று அந்தம்மாளுக்குக் குழப்பம். அவருக்கு எந்த ஊசி போட்டும் பயனில்லை, மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

சரி, போன தசை திரும்புமா? கொஞ்சம் திரும்பும் என்பதுதான் நேர்மையான பதில். 2009-ல் 2,331 இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், முறையான உடற்பயிற்சியால் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. ஆனால் நடக்கவே தடுமாறுகிறவர்கள் அதில் அதிகம் இல்லை. அந்தக் குறையை 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு தீர்த்தது. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேர். ஏறக்குறைய எல்லோருமே நலிந்தவர்கள், அல்லது நலிவின் வாசலில் நின்றவர்கள். மூன்று மாதம் வலு, சமநிலை, நடை, தாக்குப்பிடித்தல் என்று நாலு விதப் பயிற்சி. எழுந்து நிற்பதும் நடப்பதும் தெளிவாகத் தேறியது. திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. ஆயுள் கூடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. தானே எழுந்து கொல்லைக்குப் போகலாம். அண்ணனுக்கு அது போதும். அவர் கேட்டதும் அதைத்தான்.

எங்களுக்கு வழி காட்டியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்த இயன்முறை மருத்துவர்ப் பொண்ணு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்தப் பொண்ணு அண்ணனைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, "ஐயா, கையை ஊனாம எந்திரிங்க" என்றது. முடியவில்லை. தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டியது. எழுந்தார். "இன்னிக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, முதலில் டாக்டரிடம் காட்டிக் காலில் உள்ள நீருக்கு மாத்திரை அளவைச் சரி செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நீர் கோத்திருக்கும்போது, உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கும்போது, பயிற்சி கூடாது. இதை வாசித்துவிட்டு யாரும் அப்பாவை நாளைக்கே சதுரகிரி மலையேற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் விவரம் தெரியாமல் ஏறுகிறவர்களைப் பார்க்கிறோம்.

சாப்பாட்டில் இரண்டு மாற்றம். உப்பைக் குறைக்கிறோம் என்று மதினி எல்லாவற்றையும் குறைத்து, கஞ்சியும் ரசமுமாக ஆக்கிவிட்டார். உப்பு மட்டும்தான் குறைய வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் நிறுத்த வேண்டும். முட்டையும் பயறும் மீனும் நிற்கக் கூடாது. அண்ணனுக்குச் சிறுநீரகம் சரியாக இருந்ததால் டாக்டர் இதற்குச் சம்மதித்தார். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்தோம். வயிறு நிறையச் சாப்பிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

நோட்டில் இப்போது எடைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். முப்பது நொடியில் எத்தனை தடவை நாற்காலியில் இருந்து எழுகிறார் என்று ஒன்று. கணுக்காலுக்கு மேலே நூல் சுற்றி எடுத்த அளவு ஒன்று. ஆரம்பத்தில் எழுந்தது இரண்டு தடவை, அதுவும் தலையணையோடு. எட்டு மாதத்துக்குப் பிறகு ஏழு, தலையணை இல்லாமல். நடுவில் காய்ச்சல் வந்து மறுபடியும் மூன்றுக்கு இறங்கி, திரும்ப ஏறியிருக்கிறது. இதயம் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் எக்கோவில் பம்பிங் 28. டாக்டர் அண்ணனிடமே மறைக்காமல் பேசினார், இன்னொரு முறை மோசமானால் எவ்வளவு தூரம் வைத்தியம் வேண்டும், எங்கே இருக்க ஆசை என்று. அண்ணன் "வீட்டுலதான்" என்றார். மதினி அழுதார். நான் நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

கேட்ட மாணவருக்குப் பதில்: அண்ணன் இன்று காலை வேப்பமரம் வரை தனியாகப் போய், அங்கே கிடக்கும் கல்லில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். அறுபது எட்டு இருக்கும். நான் பின்னாலேயே போனேன். "நீ எதுக்குடா வர்ற, போ" என்று விரட்டிவிட்டார்.